பழைய நெட்வொர்க்கில் ஒரே பிரிண்டர்: ஒட்டுப்போடலாமா, இடம் மாற்றலாமா, புதிதாக வாங்கலாமா?

ஆடிட்டர் ஆபீஸ், பத்திர எழுத்தர் கடை, மண்டி, ஜவுளிக்கடை என்று எங்கே போனாலும் நம் ஊரில் நெட்வொர்க் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்திருக்கிறது. முதலில் ஒரு சிஸ்டம், ஒரு பிரிண்டர். வேலை கூடக் கூட ஒவ்வொன்றாகச் சேர்ந்து நான்கைந்து சிஸ்டம். பழையதில் விண்டோஸ் 7, அடுத்து வந்தவற்றில் விண்டோஸ் 10, கடைசியாக வாங்கியதில் விண்டோஸ் 11. பிரிண்டர் மட்டும் முதல் நாள் எந்த சிஸ்டத்தில் யூஎஸ்பி கேபிள் போட்டு மாட்டினார்களோ அதிலேயே இருக்கும். மற்றவர்கள் ஷேரிங்கில் எடுத்து அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் காலையில் ஏதாவது ஒரு சிஸ்டத்திலிருந்து பிரிண்ட் போகாது. 11பி என்றோ 709 என்றோ முடியும் ஒரு பிழை எண் திரையில் வந்து நிற்கும். ரிட்டர்ன் ஃபைல் செய்யக் கடைசி நாளாகவும் அது இருக்கும்.

அந்த நேரத்தில் ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் செட்டிங் பட்டியல்) ஒரு எண்ணை மாற்று, அப்டேட்டை நீக்கு, லோக்கல் போர்ட் போடு, பிரிண்ட் சர்வர் பெட்டி வாங்கு, பேசாமல் நெட்வொர்க் பிரிண்டருக்கு மாறிவிடு. எல்லாமே வேலை செய்யும் வழிகள்தான். ஆனால் எது எத்தனை நாள் தாங்கும், எது யாருக்குப் பொருந்தும் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சின்ன அலுவலகங்களுக்கு சிஸ்டம் சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நெட்வொர்க்கிலேயே பழைய சிஸ்டத்தை மற்ற எல்லோருக்கும் பிரிண்டர் கொடுக்கும் மெயின் சிஸ்டமாக வைத்திருக்கக் கூடாது. இதை மாற்றாமல் செய்யும் எந்த ரிப்பேரும் அடுத்த பெரிய அப்டேட் வரைக்கும்தான்.

முடிவெடுக்கும் முன்

மெயின் சிஸ்டத்திலிருந்தே டெஸ்ட் பேஜ் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் நெட்வொர்க்கில் தேட ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஸ்பூலரில் (பிரிண்டுக்குப் போகும் ஃபைல்களை வரிசையில் வைத்து அனுப்பும் பகுதி) ஏதோ ஒரு ஃபைல் சிக்கியிருக்கும். சர்வீசஸ் பகுதியில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல் ஃபோல்டரில் இருக்கும் பிரிண்டர்ஸ் ஃபோல்டரைக் காலி செய்து, ஸ்பூலரை மறுபடி ஓடவிடுங்கள்.

அங்கே பிரிண்ட் வருகிறது என்றால், போகாத சிஸ்டத்தின் ரன் பாக்ஸில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு மெயின் சிஸ்டத்தின் பெயரை அடியுங்கள். பெயரால் திறக்காமல் ஐபி எண்ணால் (நெட்வொர்க்கில் அந்த சிஸ்டத்தின் முகவரி எண்) திறந்தால் பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் கோளாறு. இரண்டாலும் திறக்காவிட்டால் நெட்வொர்க் எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். ரவுட்டர் மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு 'பப்ளிக்' வகையில் வைத்துவிடும். ஃபயர்வால் ஷேரிங்கை அடைத்துவிடும். 'பிரைவேட்' என்று மாற்றினால் தீர்ந்தது. ஷேர் தெரிகிறது, பிரிண்டரைச் சேர்க்கப் போனால் மட்டும் பிழை எண் வருகிறது, அல்லது பாஸ்வேர்டு கேட்டு எதைக் கொடுத்தாலும் ஏற்க மாட்டேன் என்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

நேற்று வரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை

வாடிக்கையாளர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் தெரிந்தால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதும் பாதி தெளிந்துவிடும்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. அது புகுந்தது எஸ்எம்பி1 என்ற பழைய ஷேரிங் முறையின் ஓட்டை வழியாக. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்யும் சிஸ்டங்களில் எஸ்எம்பி1 வழக்கமாக வருவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தெரிந்த ஒரே மொழி எஸ்எம்பி1 என்பதால் எக்ஸ்பி சிஸ்டங்கள் அன்றைக்கே தனித்துவிடப்பட்டன.

அடுத்த அடி 2021-இல். பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் பெற்ற ஓட்டை, பிரிண்ட் ஸ்பூலர் வழியாக ஒரு சிஸ்டத்தை முழுதாகக் கைப்பற்ற இடம் கொடுத்தது. ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்டில், ஷேரிங் மூலம் பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரை இயக்க சிஸ்டத்தில் இருக்க வேண்டிய மென்பொருள்) இறங்க வேண்டுமானால் அட்மின் அனுமதி கட்டாயம் ஆனது. செப்டம்பர் 14 அன்று வந்த அப்டேட்டில், இன்னொரு ஸ்பூலர் ஓட்டையை மூடுவதற்காக, மெயின் சிஸ்டத்தோடு பேசும் ஒவ்வொரு சிஸ்டமும் கூடுதல் பாதுகாப்போடுதான் பேச வேண்டும் என்ற விதி அமலானது. அந்தப் பாதுகாப்பைக் கற்றுக்கொடுக்கும் திருத்தம் அந்த ஆண்டு ஜனவரியில் வந்திருந்தது. விண்டோஸ் 7-க்கான பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டதால் நம் கடைகளில் உள்ள சிஸ்டங்களுக்கு அது கிடைக்கவே இல்லை. 11பி பிழை தெருவுக்குத் தெரு கேட்க ஆரம்பித்தது அப்போதுதான்.

2022-இல் விண்டோஸ் 11-இன் 22ஹெச்2 பதிப்பு, பிரிண்டரோடு பேசும் பாதையையே மாற்றியது. முன்பு 'நேம்டு பைப்' என்ற ஷேரிங் பாதை வழியாகப் போனது டிசிபி என்ற நேரடி நெட்வொர்க் பாதை வழியாகப் போக ஆரம்பித்தது. பழைய மெயின் சிஸ்டத்தைத் தேடிப் போகும் புது சிஸ்டத்தில் 709 பிழை வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2024-இல் வந்த 24ஹெச்2 பதிப்பில், ப்ரோ வகை விண்டோஸ் 11 பாஸ்வேர்டு இல்லாத ஷேருக்குள் 'கெஸ்ட்' ஆகப் போவதையே நிறுத்திக்கொண்டது. நம் ஆபீஸ்களில் ஷேரிங் என்றாலே 'எவ்ரிஒன்' என்று கொடுத்து, பாஸ்வேர்டு வேண்டாம் என்று டிக் எடுத்து வைப்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்துக்கு இத்தோடு முடிவு வந்துவிட்டது.

ஆக, உங்கள் பிரிண்டர் கெட்டுப்போகவில்லை. பழைய பாணி ஷேரிங்கை மைக்ரோசாஃப்ட் தெரிந்தே படிப்படியாக அடைத்துக்கொண்டு வருகிறது. அடைத்ததற்கு நியாயமான காரணமும் இருக்கிறது.

ரெஜிஸ்ட்ரி மாற்றம்

காசில்லை, ஐந்து நிமிட வேலை. அதனால்தான் எல்லோரும் முதலில் இதையே செய்கிறார்கள். 11பி-க்கு, மெயின் சிஸ்டத்தின் ரெஜிஸ்ட்ரியில் கண்ட்ரோல் என்பதன் கீழே உள்ள பிரிண்ட் பகுதியில் 'ஆர்பிசி ஆத்தன் லெவல் பிரைவசி எனேபிள்டு' (RpcAuthnLevelPrivacyEnabled) என்ற பெயரில் 32 பிட் மதிப்பு ஒன்றைச் சேர்த்து, அதில் 0 வைத்து, ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது. 709-க்கு, விண்டோஸ் 11 சிஸ்டத்தின் குரூப் பாலிசி என்ற செட்டிங் தொகுப்பில் பிரிண்டர்ஸ் பகுதிக்குப் போய், ஆர்பிசி கனெக்ஷன் செட்டிங்கில் நேம்டு பைப் என்று மாற்ற வேண்டும்.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 709-க்கான மாற்றம் பழைய பாதைக்குத் திரும்புவது மட்டுமே, அதிகம் பயப்பட வேண்டியதில்லை. 11பி-க்கான மாற்றம் அப்படியில்லை. 2021 செப்டம்பரில் போட்ட பூட்டை அந்த சிஸ்டத்தில் கழற்றி வைப்பது அது. அந்த சிஸ்டத்தில்தான் கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டாவும் இருக்கும், ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளும் பிரவுசரில் சேமித்திருக்கும். யாராவது கொண்டுவரும் பென்டிரைவ் வழியாக ஒரு சிஸ்டத்தில் நுழைந்த வைரஸ் அடுத்த சிஸ்டத்துக்குத் தாவத் தேடுவது இந்த மாதிரி இடத்தைத்தான். இன்று மாலைக்குள் ஐம்பது பக்கம் அடித்தே ஆக வேண்டும் என்றால் போடுங்கள். மறுநாள் 1 என்று திருப்பி வைத்துவிட்டு வேறு வழிக்கு மாறுங்கள்.

அப்டேட்டை நீக்குவது, விண்டோஸ் அப்டேட்டையே நிறுத்தி வைப்பது என்ற வழியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. செய்யாதீர்கள். அப்டேட்டுகள் முந்தையவற்றையும் சேர்த்துக்கொண்டே வருகின்றன. ஒன்றை நீக்கினால் அடுத்த மாத அப்டேட் அதையே மறுபடி கொண்டுவரும். நிரந்தரமாக நிறுத்தினால் பிரிண்டருக்காக முழு சிஸ்டத்தையும் காவலில்லாமல் விட்டதாகிவிடும்.

லோக்கல் போர்ட்

இந்த வழிக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். ஷேர் பிரிண்டரை டபுள் கிளிக் செய்து சேர்ப்பதற்குப் பதிலாக, பிரிண்ட் போகாத சிஸ்டத்திலேயே அந்த பிரிண்டருக்கான டிரைவரைத் தனியாக இன்ஸ்டால் செய்கிறோம். 'லோக்கல் போர்ட்' என்று புதிதாக ஒன்று உருவாக்கி, அதன் பெயராக \\கவுன்டர்1\லேசர் என்பது போல மெயின் சிஸ்டத்தின் பெயரையும் ஷேர் பெயரையும் கொடுக்கிறோம். அவ்வளவுதான்.

இது ஏன் வேலை செய்கிறது? வழக்கமான முறையில் இரண்டு சிஸ்டங்களின் ஸ்பூலர்களும் ஒன்றோடொன்று பேசி, டிரைவரையும் செட்டிங்கையும் பரிமாறிக்கொள்ளும். 2021-இல் மூடியது அந்தப் பேச்சுக்கான வழியைத்தான். லோக்கல் போர்ட்டில் அந்தப் பேச்சே இல்லை. பக்கம் முழுதும் இங்கேயே தயாராகி, ஷேருக்குள் ஒரு ஃபைலைப் போடுவது போல அங்கே போய் விழுகிறது. பூட்டு எதையும் கழற்ற வேண்டியதில்லை. மெயின் சிஸ்டம் 32 பிட், இது 64 பிட் என்ற டிரைவர் சண்டையும் இல்லை, ஏனென்றால் டிரைவர் அவரவர் சிஸ்டத்தில்.

குறை என்னவென்றால் பேப்பர் தீர்ந்தது, டோனர் குறைந்தது போன்ற தகவல் சரியாகத் திரும்பி வராது. ஷேருக்குள் நுழைய யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மெயின் சிஸ்டத்தில் தினமும் பின் நம்பர் போட்டு உள்ளே போகிறவர்கள், இங்கேயும் அந்த நான்கு இலக்கத்தையே அடித்துப் பார்த்துவிட்டு 'தப்பு என்கிறது' என்று கூப்பிடுவார்கள். பின் நம்பர் அந்த ஒரு சிஸ்டத்துக்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கும் செல்லாது. அதனால் மெயின் சிஸ்டத்தில் பிரிண்டுக்கென்றே ஒரு சாதாரண லோக்கல் கணக்கைத் தொடங்கி, நல்ல பாஸ்வேர்டு வைத்து, அதை மற்ற சிஸ்டங்களின் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்துவிடுங்கள். முதலாளியின் மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டை எல்லா சிஸ்டத்திலும் அடித்து வைப்பது நல்லதல்ல.

பிரிண்டரை இடம் மாற்றுவது

காசு செலவில்லாமல் அதிக நாள் தாங்கும் வழி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். யூஎஸ்பி கேபிளைப் பழைய சிஸ்டத்திலிருந்து கழற்றி, இருப்பதிலேயே புதிய சிஸ்டத்தில் மாட்டுங்கள். இனி அது மெயின். விண்டோஸ் 10 சிஸ்டங்கள் வழக்கமான ஷேரிங்கில் வரட்டும். விண்டோஸ் 7 சிஸ்டம் லோக்கல் போர்ட்டில் வரட்டும். விண்டோஸ் 10-க்கும் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், இன்று இடம் மாற்றுவதாக இருந்தால் நேராக விண்டோஸ் 11 சிஸ்டத்துக்கே மாற்றுங்கள். இரண்டு முறை வேலை பார்க்க வேண்டாம்.

தொழில்நுட்பத்தைவிட ஆட்கள்தான் இதற்குத் தடை. புது சிஸ்டம் பெரும்பாலும் முதலாளியின் அறையில் இருக்கும். பிரிண்டர் அங்கே போனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆட்கள் உள்ளே வந்து போக வேண்டும். அவர் வெளியே போகும்போது ஷட் டவுன் செய்துவிட்டால் ஆபீஸ் முழுக்க பிரிண்ட் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் பிரிண்டரை மாற்றுவதைவிட, புது சிஸ்டத்தை கவுன்டருக்குக் கொண்டுவந்து பழையதை உள்ளே வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். எதுவானாலும் மெயின் சிஸ்டத்தில் ஸ்லீப் மோடை நிறுத்தி வையுங்கள். 'மதியத்துக்கு மேல் பிரிண்ட் வரவில்லை' என்ற புகாரில் பல, சாப்பாட்டு நேரத்தில் தூங்கிப்போன மெயின் சிஸ்டத்தால் வருபவை.

பெட்டி வாங்குவது

யூஎஸ்பி பிரிண்டரை நெட்வொர்க்கில் நேரடியாகச் சேர்க்கச் சின்னப் பிரிண்ட் சர்வர் பெட்டிகள் கிடைக்கின்றன. சில ரவுட்டர்களிலேயே யூஎஸ்பி துளை இருக்கும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நம் ஊரில் அதிகம் புழங்கும் இரண்டு பிரிண்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெச்பி லேசர்ஜெட் 1020-இல் ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) நிலைத்து நிற்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சிஸ்டத்தில் உள்ள டிரைவர்தான் அதை ஊட்ட வேண்டும். கேனான் எல்பிபி2900 சிஸ்டத்தோடு இருபக்கமும் பேசிக்கொண்டே அடிக்கும் வகை. இரண்டுமே பக்கத்தைத் தயாரிக்கும் வேலையை சிஸ்டத்தின் தலையில் போட்டு விலையைக் குறைத்த பிரிண்டர்கள். வெறும் பெட்டிக்கு இதெல்லாம் தெரியாது. வாங்கி மாட்டிவிட்டு, கரண்ட் போய் வந்த பிறகு பிரிண்ட் வரவில்லை என்று திண்டாட வேண்டியிருக்கும்.

ராஸ்பெரி பை போன்ற குட்டி சிஸ்டத்தில் லினக்ஸும் கப்ஸ் என்ற பிரிண்ட் மென்பொருளும் போட்டால் 1020-க்கு ஃபர்ம்வேர் ஊட்டவும் வழி உண்டு, நன்றாகவே ஓடும். 2900-க்கு கேனான் தரும் லினக்ஸ் டிரைவர் ராஸ்பெரி பையின் ஆர்ம் சிப்புக்கு ஆனதல்ல. லினக்ஸ் தெரிந்த ஒருவர் ஆபீஸிலேயே இருந்தால் முயலலாம். வெளியாளை நம்பி இதில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அவர் ஊரில் இல்லாத நாளில் தொட ஆளிருக்காது. பக்கத்தைத் தானே தயாரித்துக்கொள்ள உதவும் பிசிஎல் என்ற பிரிண்டர் மொழி தெரிந்த லேசர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பெட்டி நல்ல தேர்வு.

டாஸ் பில்லிங் இருக்கும் கடைகள்

மண்டிகளிலும் பழைய மொத்தக் கடைகளிலும் இன்னும் டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய கறுப்புத் திரை முறை) எழுதிய ஃபாக்ஸ்ப்ரோ காலத்து பில்லிங் ஓடுகிறது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம் ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. அதனால்தான் அந்தப் பழைய சிஸ்டத்தைத் தூக்க முடியவில்லை. அது இருக்கட்டும். அதன் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அதனோடே இருக்கட்டும். கார்பன் பில்லை வேறு சிஸ்டத்திலிருந்து அடிக்க வேண்டிய தேவை அனேகமாக யாருக்கும் இல்லை.

டாட் மேட்ரிக்ஸ் யூஎஸ்பியில் இருந்தால் டாஸ் புரோகிராமுக்கு அது தெரியாது. அதே சிஸ்டத்தில் பிரிண்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கமாண்டில் எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டை அந்த ஷேரோடு இணைத்து, பெர்சிஸ்டன்ட் யெஸ் கொடுத்துவிட்டால் பில் வரும். ஆனால் டாஸிலிருந்து வரும் வெறும் எழுத்தை 1020-ஓ 2900-ஓ நேரடியாக வாங்காது. 'ஷேரிங் எல்லாம் சரி, லேசரில் மட்டும் பில் வரவில்லை' என்று நாள் முழுக்கத் தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நேரம் மிஞ்சும்.

அந்த சிஸ்டம் எக்ஸ்பி என்றால், மற்றவற்றில் எஸ்எம்பி1-ஐ ஆன் செய்து அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். ஒன்றுக்காக நான்கையும் 2017-க்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோவது அது. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. லேன் கேபிளைக் கழற்றிவிட்டு, டாட் மேட்ரிக்ஸோடு தனியாக ஓடவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பி அடிப்பது

பல ஆபீஸ்களில் இதுதான் இன்றைய 'தீர்வு'. பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப் வெப்பில் கவுன்டருக்கு அனுப்பி, அங்கே இருப்பவர் அடித்துக் கொடுப்பார். நாளுக்கு நாலு பக்கம் என்றால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் இப்படிச் செய்தால், வாடிக்கையாளர்களின் பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கவுன்டர் சிஸ்டத்தின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மாதக்கணக்கில் குவிந்து கிடக்கும். யாரும் அழிப்பதில்லை. நம்மை நம்பிக் கொடுத்த காகிதங்கள் அவை.

நெட்வொர்க் பிரிண்டர்

இப்போதுள்ள பிரிண்டரின் டிரம் தேய்ந்துவிட்டது, அல்லது நாளுக்கு நூறு பக்கத்துக்கு மேல் போகிறது என்றால், ஷேரிங்கோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு லேன் துளை உள்ள லேசரை வாங்கிவிடுவது மேல். ஒவ்வொரு சிஸ்டமும் நேராக பிரிண்டரோடு பேசும், பெரும்பாலும் 9100 போர்ட்டில். மெயின் சிஸ்டம் என்ற ஒன்றே தேவையில்லை. யார் சிஸ்டத்தை அணைத்தாலும் யாருக்கும் பிரிண்ட் நிற்காது. மேலே சொன்ன 2021, 2022, 2024 மாற்றங்கள் எதுவும் இதைத் தொடவில்லை, ஏனென்றால் இதில் விண்டோஸ் ஷேரிங்கே இல்லை. விண்டோஸ் 7 சிஸ்டமும் எந்தச் சண்டையும் இல்லாமல் அடிக்கும்.

வைஃபை மட்டும் உள்ள மாடலை நான் பரிந்துரைப்பதில்லை. ரவுட்டர் பாஸ்வேர்டு மாறினால் பிரிண்டர் காணாமல் போகும். லேன் கேபிள் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. மாட்டியதும் ரவுட்டரில் அந்த பிரிண்டருக்கு ஒரு ஐபி எண்ணை ரிசர்வ் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் கரண்ட் போய் வரும்போது எண் மாறி, எல்லா சிஸ்டத்திலும் 'ஆஃப்லைன்' என்று காட்டும்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். லேன் துளை உண்டா, பிசிஎல் மொழி தெரியுமா, உங்களிடம் உள்ள விண்டோஸ் 7-க்கு, அதுவும் 32 பிட்டுக்கு, டிரைவர் இருக்கிறதா. மூன்றாவதைக் கடைக்காரர் 'எல்லாத்துலயும் ஓடும் சார்' என்று சொல்லிவிடுவார். அதை ஏற்காமல், அந்த மாடல் எண்ணைக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் போட்டு, டிரைவர் பட்டியலில் விண்டோஸ் 7 இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.